சின்னச் சொல் மாறினால் பொருளும் மாறும்: ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மின்னஞ்சல் ஒன்றில் ஒருவர் 'ஐ ஹேவ் ஃப்யூ கொஸ்டின்ஸ்' என்று எழுதுகிறார். சில கேள்விகள் இருக்கின்றன, பதில் சொல்லுங்கள் என்பது அவர் நினைத்தது. படிப்பவருக்குப் போய்ச் சேருவதோ 'எனக்குக் கேள்விகள் அதிகம் இல்லை' என்ற செய்தி. விடுபட்டது ஒரே ஒரு 'எ'. 'ஐ ஹேவ் எ ஃப்யூ கொஸ்டின்ஸ்' என்றால் நினைத்தது நினைத்தபடியே போயிருக்கும். இரண்டிலும் எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. அதனால் பிழைதிருத்தும் மென்பொருள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. எழுதியவருக்கும் தெரியாது. தவறாகப் புரிந்துகொண்ட படிப்பவருக்கும் தெரியாது.

ஆங்கிலம் ஓரளவு படிக்க வரும், எழுதவும் வரும், ஆனால் சொல்ல நினைத்ததைத்தான் சொன்னோமா என்ற சந்தேகம் தீரவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய சொற்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவற்றுக்கு அகராதி இருக்கிறது. 'எ', 'தி', 'ஒன்லி', 'பை', 'அட்' மாதிரியான சிறு சொற்களுக்கு அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பொருள் கிடக்கும். படித்து முடித்த பிறகும் எது எங்கே என்று பிடிபடாது. அவற்றைக் கற்க வேறு வழி வேண்டும். என் அனுபவத்தில் பலன் தரும் வழி ஒன்றுதான்: அவற்றை ஜோடி ஜோடியாகக் கற்பது, ஒவ்வொரு ஜோடிக்கும் தமிழில் இரண்டு வேறு வாக்கியங்களைச் சொல்லிப் பார்ப்பது. ஆங்கிலம் சிறு சொற்களால் காட்டும் வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றைத் தமிழ் உருபுகளாலும் விகுதிகளாலும் காட்டிவிடுகிறது. வேறுபாடு உங்களுக்குப் புதிதல்ல, அதைக் காட்டும் முறைதான் புதிது.

எடுத்துக்காட்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நோட்டில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 1: ஜோடியாக எழுதுங்கள்

ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் ஒரு வாக்கியம், வலப்பக்கம் ஒரே ஒரு சிறு சொல் மட்டும் மாறிய அதே வாக்கியம். ஒவ்வொன்றின் கீழும் அதன் பொருளைத் தமிழில் முழு வாக்கியமாக எழுதுங்கள். அதற்கும் கீழே, அதை எந்தச் சூழ்நிலையில் யாரிடம் சொல்வீர்கள் என்று ஒரு வரி.

'தேர் இஸ் லிட்டில் டைம்', 'தேர் இஸ் எ லிட்டில் டைம்' என்ற ஜோடியை எடுத்துக்கொள்வோம். முதலாவதற்குத் தமிழ்: நேரம் அதிகம் இல்லை, சீக்கிரம் கிளம்பு. இரண்டாவதற்கு: கொஞ்சம் நேரம் இருக்கிறது, உட்கார்ந்து பேசலாம். கடிகாரத்தில் இரண்டு பேருக்கும் அதே பத்து நிமிடம்தான். ஒருவர் அதைப் போதாது என்று பார்க்கிறார், மற்றவர் இருக்கிறதே என்று பார்க்கிறார். 'ஃப்யூ', 'எ ஃப்யூ' இரண்டுக்கும் இதே கதைதான். எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃப்யூ', அளக்கக்கூடியவற்றுக்கு 'லிட்டில்'.

இரண்டு வாக்கியங்களுக்கும் உங்களால் ஒரே தமிழ் வாக்கியத்தைத்தான் எழுத முடிகிறது என்றால், அந்த ஜோடி இன்னும் புரியவில்லை என்று பொருள். அதன் ஓரத்தில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த ஜோடிக்குப் போங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும். பட்டியலாக மனப்பாடம் செய்தால் எழுதும் நேரத்தில் எதுவும் கைக்கு வராது.

படி 2: 'எ', 'தி' இரண்டையும் கேட்பவர் பக்கமிருந்து பாருங்கள்

ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் சொல் 'தி'. தமிழ் பேசுபவர்களுக்கு மிகவும் சிரமம் தருவதும் அதுதான், ஏனென்றால் தமிழில் அதற்கு நேரான சொல் கிடையாது. ஆனால் அந்த உணர்வு கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை யோசித்துப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதைக் கேட்டால், நாம் பேசிக்கொண்டிருந்தோமே, அந்தப் புத்தகம் என்று தோன்றுகிறது. இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' இங்கே கிட்டத்தட்ட 'தி' செய்யும் வேலையைச் செய்கிறது. 'ஐ பாட் எ புக்', 'ஐ பாட் தி புக்'. அதே வேறுபாடு.

இதையே சூத்திரமாக்கிவிட வேண்டாம். மனிதர்களைக் குறிக்கும் சொற்களோடு 'ஐ' எப்படியும் வந்துவிடும், எழுவாயில் அது வரவே வராது. உள்ளே நுழைவதற்கான ஒரு வாசலாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் சொல்வது எது என்று கேட்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'தி'. தெரியாது, அல்லது எதுவாக இருந்தாலும் கவலையில்லை என்றால் 'எ'.

முதல் தடவை சொல்லும்போது 'எ', இரண்டாம் தடவை 'தி' என்று பலருக்கும் கற்றுத்தரப்பட்டிருக்கிறது. அது பாதி உண்மைதான். 'க்ளோஸ் தி டோர்' என்று சொல்லும்போது கதவைப் பற்றி அதற்கு முன் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஆனாலும் எந்தக் கதவு என்று கேட்பவருக்குத் தெரியும், திறந்து கிடப்பது அதுதானே. 'க்ளோஸ் எ டோர்' என்றால் பல கதவுகளில் ஏதாவது ஒன்றை மூடு என்றாகிவிடும். எத்தனை தடவை சொன்னோம் என்று எண்ணாமல், கேட்பவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

இந்த 'எ' எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலகமே கேட்ட ஒரு வாக்கியம் இருக்கிறது. 1969 ஜூலை 20 அன்று நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் சொன்னதாகப் பதிவில் கேட்பது, 'ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன், ஒன் ஜயன்ட் லீப் ஃபார் மேன்கைண்ட்'. ஆங்கிலத்தில் 'மேன்' முன்னால் எதுவும் இல்லாமல் தனியாக நின்றால் மனித இனம் என்ற பொருள் வரும். அப்படியானால் மனித இனத்துக்குச் சிறிய அடி, மனித இனத்துக்குப் பெரிய பாய்ச்சல் என்று வாக்கியம் தன்னையே மறுத்துவிடுகிறது. 'ஃபார் எ மேன்' என்றால்தான் ஒரு தனி மனிதனுக்கு இது சிறிய அடி என்ற பொருள் கிடைக்கும். அந்த 'எ'யோடு சொல்வதுதான் தன் எண்ணம் என்று ஆம்ஸ்ட்ராங் பிற்பாடு சொன்னார். அதனால் இன்றும் பல நூல்களில் அந்த ஓரெழுத்தைப் பகர அடைப்புக்குள் போட்டு அச்சிடுகிறார்கள்.

'தி' இல்லாததால் வந்த சர்ச்சை இன்னும் பெரியது. 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், அண்மைப் போரில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆங்கில வடிவத்தில் இருப்பது 'ஃப்ரம் டெரிட்டரிஸ்'. 'ஃப்ரம் தி டெரிட்டரிஸ்' அல்ல. எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சில பகுதிகளிலிருந்தா? பிரெஞ்சு வடிவத்தில் 'தி' போன்ற சொல் இருப்பதால் அது எல்லாப் பகுதிகளையும் குறிப்பதாக ஒரு தரப்பு வாதிடுகிறது. ஆங்கிலத்தில் அது வேண்டுமென்றே விடப்பட்டது என்கிறது மறுதரப்பு. அந்த வாதம் இன்றும் ஓயவில்லை.

அப்புறம், சில இடப்பெயர்கள். 'ஹி இஸ் இன் ப்ரிசன்' என்றால் அவர் கைதி. 'ஹி இஸ் இன் தி ப்ரிசன்' என்றால் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார், அவ்வளவுதான். யாரையாவது பார்க்கப் போயிருக்கலாம், குழாய் பழுதுபார்க்கப் போயிருக்கலாம். 'தி' இல்லாதபோது அந்த இடம் எதற்காக இருக்கிறதோ அதற்காகப் போயிருக்கிறார் என்று பொருள். 'ஸ்கூல்', 'சர்ச்' ஆகியவையும் இப்படித்தான். 'ஹாஸ்பிட்டல்' மட்டும் நாட்டுக்கு நாடு மாறும்: நோயாளியாக இருப்பவரைப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'இன் ஹாஸ்பிட்டல்' என்பார்கள், அமெரிக்கர்கள் அதற்கும் 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்பார்கள்.

இன்னொரு ஜோடியும் நோட்டில் இருக்கட்டும். 'எ ப்ளாக் அண்ட் வைட் கேட்' என்றால் கறுப்பும் வெள்ளையும் கலந்த ஒரே பூனை. 'எ ப்ளாக் அண்ட் எ வைட் கேட்' என்றால் இரண்டு பூனைகள்.

'எ' எங்கே, 'ஆன்' எங்கே என்பதில் பொருள் மாறுவதில்லை, ஒலிதான் காரணம். 'ஆன் ஹவர்', 'எ யூனிவர்சிட்டி'. காது பழகினால் தானாக வந்துவிடும். அதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

படி 3: 'ஒன்லி'யை உரிய சொல்லுக்கு முன்னால் வையுங்கள்

தமிழில் 'மட்டும்' தான் கட்டுப்படுத்தும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'ஒன்லி' பொதுவாக முன்னால் நிற்கும். இந்தத் திசை மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரே வாக்கியத்தில் அதை நகர்த்திப் பாருங்கள்:

'ஒன்லி ஐ கேவ் ஹர் தி கீ': நான் மட்டும்தான் அவளிடம் சாவியைக் கொடுத்தேன், வேறு யாரும் கொடுக்கவில்லை.
'ஐ கேவ் ஒன்லி ஹர் தி கீ': அவளிடம் மட்டும்தான் கொடுத்தேன், மற்றவர்களிடம் கொடுக்கவில்லை.
'ஐ கேவ் ஹர் ஒன்லி தி கீ': சாவியை மட்டும்தான் கொடுத்தேன், வேறு பொருள் எதையும் கொடுக்கவில்லை.

'ஐ ஒன்லி கேவ் ஹர் தி கீ' என்று வினைக்கு முன்னால் வைப்பதும் உண்டு. பேச்சில் ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் அங்கேதான் வைக்கிறார்கள். எந்தச் சொல்லை அழுத்திச் சொல்கிறார்களோ அதற்கு அது போய்ச் சேரும். எழுத்தில் அழுத்தம் கேட்காது. ஆகவே எழுதும்போது உரிய சொல்லை ஒட்டியே வையுங்கள்.

நம்மவர்களின் ஒரு பழக்கத்தை இங்கே கவனிக்க வேண்டும். 'ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி' என்று சொல்கிறோம். 'நேற்றுதான் வந்தேன்' என்பதன் 'தான்' அப்படியே பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. நமக்குள் இது புரியும், இதில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் வெளியார் தடுமாறுவார்கள், ஏனென்றால் 'நேற்றுதான்' என்பதற்குத் தமிழிலேயே இரண்டு பொருள் உண்டு. வந்து ஒரு நாள்தான் ஆகிறது என்று சொல்ல வேண்டுமானால் 'ஐ கேம் ஒன்லி யெஸ்டர்டே'. வந்தது நேற்று, முந்தாநாள் அல்ல என்று உறுதிப்படுத்த வேண்டுமானால் அங்கே 'ஒன்லி'க்கு வேலையே இல்லை, 'இட் வாஸ் யெஸ்டர்டே தட் ஐ கேம்' என்று வாக்கியத்தைத் திருப்ப வேண்டும். 'அவர்தான் சொன்னார்' என்பதும் அப்படியே. 'ஹி ஒன்லி டோல்ட் மீ' என்று எழுதினால், அவர் சொல்ல மட்டும்தான் செய்தார், வேறொன்றும் செய்யவில்லை என்று படிப்பார்கள். 'ஹி இஸ் தி ஒன் ஹூ டோல்ட் மீ' என்பதே நீங்கள் நினைத்தது. 'தான்' என்று மனத்தில் வரும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, இது 'மட்டும்' என்ற பொருளில் வரும் 'தான்' தானா என்று கேட்டுப் பாருங்கள்.

'ஈவன்' என்பதையும் இதே முறையில் நகர்த்திப் பழகலாம். தமிழில் 'கூட' எந்தச் சொல்லுக்குப் பின்னால் வருமோ, ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் 'ஈவன்'.

படி 4: இடைச்சொற்களில் பொருள் மாற்றுபவற்றை மட்டும் முதலில் எடுங்கள்

'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால் 'அபவுட்' போடுவது பிழைதான், ஆனால் நீங்கள் சொல்ல வந்தது யாருக்கும் தவறாகப் புரியாது. அத்தகைய பிழைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பொருளையே திருப்பிப் போடுபவைதான் அவசரம்.

'அட்' என்பதில் தொடங்குங்கள். 'ஷி த்ரூ தி பால் டு ஹிம்' என்றால் அவன் பிடிக்கட்டும் என்று பந்தை வீசினாள். 'ஷி த்ரூ தி பால் அட் ஹிம்' என்றால் அவன்மேல் படட்டும் என்று வீசினாள். 'ஷவுட் டு' என்பது தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி கூப்பிடுவது, 'ஷவுட் அட்' என்பது கோபத்தில் கத்துவது. 'லாஃப் வித்' சேர்ந்து சிரிப்பது, 'லாஃப் அட்' பார்த்துச் சிரிப்பது. இந்த மூன்றிலும் 'அட்' அந்த ஆளைக் குறிவைக்கிறது.

வேலையில் அதிகம் தகராறு செய்வது 'பை', 'அன்டில்' ஜோடி. தமிழ் இங்கே நமக்குப் பெரிய துணை: 'குள்' என்று வந்தால் 'பை', 'வரை' என்று வந்தால் 'அன்டில்'. 'ஹி வில் பி ஹியர் பை ஃபைவ்' என்றால் ஐந்து மணிக்குள் வந்துவிடுவார். 'ஹி வில் பி ஹியர் அன்டில் ஃபைவ்' என்றால் ஐந்து மணி வரை இருப்பார். நீங்கள் ஐந்தரைக்குப் போனால் முதல் வாக்கியத்தில் ஆள் வந்திருப்பார், இரண்டாவதில் கிளம்பியிருப்பார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கோப்பு வேண்டுமென்றால் 'சென்ட் இட் பை ஃப்ரைடே'. அதில் 'அன்டில்' போட்டால் வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இரு என்றாகிவிடும்.

'ஆன் டைம்' என்றால் குறித்த நேரத்தில். 'இன் டைம்' என்றால் ஏதோ ஒன்று நடப்பதற்கு முன், காரியம் கெடாத நேரத்தில். 'அட் தி எண்ட்' என்பது ஒன்றின் முடிவில், அதாவது படத்தின் முடிவில், மாதத்தின் முடிவில். 'இன் தி எண்ட்' என்பது நம் 'கடைசியில்': 'எவ்வளவோ பேசினோம், கடைசியில் சம்மதித்தார்' என்கிறோமே, அது.

படி 5: வினைக்குப் பின்னால் 'டு' வருகிறதா, 'இங்' வருகிறதா

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 'ஹி ஸ்டாப்டு டாக்கிங் டு ஹர்' என்றால் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். 'ஹி ஸ்டாப்டு டு டாக் டு ஹர்' என்றால் அவளோடு பேசுவதற்காக நின்றான். முதலாவதில் பேச்சு முடிகிறது, இரண்டாவதில் தொடங்குகிறது.

'ரிமெம்பர்', 'ஃபர்கெட்', 'ரிக்ரெட்' மூன்றுக்கும் காலத்தை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 'இங்' வந்தால் அந்தச் செயல் ஏற்கெனவே நடந்தது. 'டு' வந்தால் அது நினைவுக்குப் பிறகு வருவது. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் தி டோர்': கதவைப் பூட்டியது நினைவிருக்கிறது. 'ஐ ரிமெம்பர்டு டு லாக் தி டோர்': மறக்காமல் கதவைப் பூட்டினேன். முன்னதில் பூட்டியது முதலில், நினைப்பது பின்னால். பின்னதில் நினைத்தது முதலில், பூட்டியது பின்னால்.

'ட்ரை' என்பதற்குத் தமிழிலேயே அழகான விடை இருக்கிறது. 'ட்ரை டு ஓப்பன் தி விண்டோ' என்றால் ஜன்னலைத் திறக்க முயற்சி செய்யுங்கள். அது இறுகிப் போயிருக்கலாம், திறக்குமா என்பதே கேள்வி. 'ட்ரை ஓப்பனிங் தி விண்டோ' என்றால் ஜன்னலைத் திறந்து பாருங்கள். திறப்பதில் சிரமம் இல்லை, திறந்தால் புழுக்கம் குறைகிறதா என்பதே கேள்வி. நம்முடைய 'செய்து பார்' என்ற துணைவினை அப்படியே 'ட்ரை'யோடு வரும் 'இங்'.

'ஐ யூஸ்டு டு ட்ரைவ் அட் நைட்' என்றால் முன்பெல்லாம் இரவில் வண்டி ஓட்டுவேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்டு டு ட்ரைவிங் அட் நைட்' என்றால் இரவில் ஓட்டுவது எனக்குப் பழக்கம்தான். நேர்காணலில் இதை மாற்றிச் சொன்னால், இருக்கும் திறமையை விட்டுவிட்டதாகச் சொன்னது போலாகும்.

படி 6: 'கூடாது', 'வேண்டியதில்லை' என்ற வேறுபாட்டைக் கைவிடாதீர்கள்

'யூ மஸ்ட் கோ', 'யூ ஹேவ் டு கோ' இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், நீங்கள் போக வேண்டும். எதிர்மறையாக்கினால் இரண்டும் பிரிந்துவிடும். 'யூ மஸ்ட் நாட் கோ': நீங்கள் போகக் கூடாது. 'யூ டோன்ட் ஹேவ் டு கோ': நீங்கள் போக வேண்டியதில்லை, விருப்பமிருந்தால் போகலாம். ஒன்று தடை, மற்றொன்று விடுதலை. மருந்துக் குறிப்பிலோ பாதுகாப்பு விதியிலோ இதைக் குழப்பினால் விளைவு சின்னதாக இருக்காது.

மரியாதையும் இத்தகைய சிறு சொற்களில்தான் இருக்கிறது. தமிழில் 'ங்கள்' சேர்த்தால் மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான், ஆகவே அந்த வேலையை 'குட்', 'வுட்', 'மைட்' செய்கின்றன. 'கேன் யூ சென்ட் மீ தி ஃபைல்' தவறல்ல, 'குட் யூ சென்ட் மீ தி ஃபைல்' இன்னும் பணிவு. 'ப்ளீஸ்' சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், 'ப்ளீஸ் சென்ட் தி ஃபைல்' இன்னமும் கட்டளை வடிவம்தான். குறிப்பாக 'ஹேட் பெட்டர்' பற்றி எச்சரிக்கிறேன். 'பெட்டர்' என்ற சொல் இருப்பதால் நல்ல யோசனை சொல்வதாக நினைத்து 'யூ ஹேட் பெட்டர் ரிப்ளை டுடே' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு மிரட்டல் தொனி இருக்கிறது: பதில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ எழுதும்போது அதைத் தொடாதீர்கள். 'இட் வுட் பி கிரேட் இஃப் யூ குட் ரிப்ளை டுடே' என்பது பாதுகாப்பானது.

'க்வைட் குட்' என்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்கர் அப்படிச் சொன்னால் பெரும்பாலும் மிக நன்று என்று பொருள். பிரிட்டிஷ்காரர் சொன்னால் பரவாயில்லை என்ற அளவில் எடுத்துக்கொள்வதே நல்லது.

படி 7: போனார், போய் வந்தார்

'ஷி ஹேஸ் கான் டு லண்டன்' என்றால் லண்டன் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. 'ஷி ஹேஸ் பீன் டு லண்டன்' என்றால் போய் வந்திருக்கிறார். 'ஐ லிவ்டு ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பவர் இப்போது அங்கே வசிக்கவில்லை. 'ஐ ஹேவ் லிவ்டு ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பவர் பெரும்பாலும் இன்னமும் வசிக்கிறார். சுயவிவரக் குறிப்பில் பழைய வேலையையும் இப்போதைய வேலையையும் எழுதும்போது இதைச் சரிபாருங்கள். இந்தப் படிக்கு இவ்வளவு போதும்.

படி 8: காற்புள்ளியும் ஒரு சிறு சொல்தான்

'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் லண்டன் இஸ் எ டாக்டர்' என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், எனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சகோதரர்கள், அவர்களில் லண்டனில் இருப்பவர் டாக்டர் என்று பொருள். 'பிரதர்' என்பதற்குப் பின்னும் 'லண்டன்' என்பதற்குப் பின்னும் காற்புள்ளி போட்டால், எனக்கு ஒரே சகோதரர் என்று தோன்றும், அவர் லண்டனில் இருப்பது கூடுதல் தகவல். இதை எழுதும்போது கேட்க வேண்டியது: இந்த 'ஹூ' பகுதியைத் தூக்கிவிட்டால் யாரைச் சொல்கிறேன் என்பது தெரியுமா? தெரியும் என்றால் காற்புள்ளி, தெரியாது என்றால் வேண்டாம்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு காற்புள்ளி நீதிமன்றம் வரை போனது. எந்தெந்த வேலைகளுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டம் பட்டியல் போட்டிருந்தது. பட்டியலின் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று இருந்தது, 'ஷிப்மென்ட்' என்பதற்குப் பின் காற்புள்ளி இல்லை. அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொதி கட்டுவது என்று அதைப் படிக்கலாம், பொதி கட்டுவது ஒரு வேலை, விநியோகம் இன்னொரு வேலை என்றும் படிக்கலாம். ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் விநியோகம் செய்தார்கள், பொதி கட்டவில்லை. வாசகம் தெளிவாக இல்லை, ஆகவே அதைத் தொழிலாளர்களுக்குச் சாதகமாகத்தான் கொள்ள வேண்டும் என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அந்த நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பட்டியல் எழுதும்போது கடைசி 'ஆர்', 'அண்ட்' முன்னால் காற்புள்ளி போடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 9: 'ஆல்' என்பதோடு 'நாட்' சேரும்போது நில்லுங்கள்

'எல்லாரும் வரவில்லை' என்ற தமிழ் வாக்கியமே இரண்டு பொருள் தரும்: ஒருவர்கூட வரவில்லை, அல்லது சிலர் வரவில்லை. தமிழில் குரலும் சூழ்நிலையும் காப்பாற்றிவிடும். அதை அப்படியே 'ஆல் தி மெம்பர்ஸ் டிட் நாட் கம்' என்று எழுதினால் அந்தக் குழப்பமும் கூடவே வந்துவிடும். யாருமே வரவில்லை என்றால் 'நன் ஆஃப் தி மெம்பர்ஸ் கேம்'. சிலர் மட்டும் வந்தார்கள் என்றால் 'நாட் ஆல் தி மெம்பர்ஸ் கேம்'. 'ஆல்' வாக்கியத்தைத் தொடங்கி, பின்னால் 'நாட்' வரப் போகிறது என்று தெரிந்தால், எழுதுவதை நிறுத்தி இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

படி 10: அனுப்பும் முன் ஒரு தடவை, சிறு சொற்களை மட்டும் படியுங்கள்

எழுதி முடித்ததும் வழக்கமான பிழைதிருத்தம் முடியட்டும். அதற்குப் பிறகு தனியாக ஒரு வாசிப்பு. இதில் பெயர்ச்சொல், வினைச்சொல் எதையும் கவனிக்காதீர்கள். 'எ', 'தி', 'ஒன்லி', 'பை', 'மஸ்ட்', 'நாட்' ஆகியவற்றில் மட்டும் விரலை வைத்து, இதை எடுத்தாலோ இடம் மாற்றினாலோ என் பொருள் மாறுமா என்று கேளுங்கள். மாறும் என்றால், இப்போதிருக்கும் இடத்தில் அது சொல்வதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நினைத்ததுதான் வருகிறதா?

கற்பவர்களுக்கென்றே தயாரித்த அகராதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண அகராதியில் பொருள் மட்டும் இருக்கும். இதில் ஒரு வினைக்குப் பின்னால் 'டு' வருமா 'இங்' வருமா, ஒரு பெயர்ச்சொல்லை எண்ண முடியுமா முடியாதா என்ற விவரமும், முழு வாக்கிய எடுத்துக்காட்டுகளும் இருக்கும். அந்த வாக்கியங்களையே ஜோடிகளாக உங்கள் நோட்டில் ஏற்றலாம்.

சிலவற்றை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். 'விச்', 'தட்' இரண்டில் எது என்ற சண்டையில் எழுத்தாளர்களே ஒத்துப்போவதில்லை. 'ஷல்', 'வில்' வேறுபாடும் அன்றாட எழுத்தில் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஒப்பந்தங்களைப் படிக்கும் வேலை உங்களுக்கு இருந்தால் மட்டும் 'ஷல்' முதல் பட்டியலிலேயே வர வேண்டும். அங்கே 'ஷல்' பெரும்பாலும் செய்தே ஆக வேண்டியதையும் 'மே' விரும்பினால் செய்யலாம் என்பதையும் குறிக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த இரண்டு சொற்களும் எங்கெங்கே வருகின்றன என்று பேனாவால் கோடிட்டு, எது உங்கள் கடமை, எது உங்கள் விருப்பம் என்று பக்கத்திலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.